கோயில் வளைவுல காடி ஏன் சறுக்குது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நான் மலேசியாவுல தாப்பா பக்கம் ஒரு எஸ்டேட் டவுன்ல இருக்கேன், ராத்திரில எஸ்பிஎம் (பள்ளிக்கூடம் முடிக்கிற அரசாங்க பரீட்சை) எழுதுற பசங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். டவுன்ல இருந்து தோட்டத்துக்கு வர்ற ரோட்டுல மாரியம்மன் கோயில் வாசல் கிட்ட ஒரு வளைவு இருக்கு, ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை), இன்னொரு பக்கம் ஆழமான லோங்காங் (ரோட்டோர சாக்கட), மழை பெஞ்சா மாசத்துக்கு ஒரு காடியாவது அதுல இறங்கிடும். போன வருஷம் என்கிட்ட படிக்கிற ஒரு பையன் மோட்டார் சைக்கிள்ல வரும்போது அங்கதான் விழுந்து தோள்பட்டை எலும்பு ஒடஞ்சுச்சு. அதுக்கப்புறம் பசங்க, அவங்க அப்பா அம்மா, கோயில்ல பாக்குறவங்க, செம்பனை லோரி ஓட்டுற அண்ணன்மாருன்னு எல்லாரும் கேட்ட கேள்விய இங்க சேத்து வச்சிருக்கேன். கணக்கு வேணாம்னு நெனைக்கிறவங்க நம்பர தாண்டிட்டு படிங்க, விஷயம் புரியும்.

வளைவுல போகும்போது நம்மள வெளிப்பக்கமா தள்ளுதே, அது என்னா சக்தி?

எல்லாரும் மொதல்ல கேக்குறது இதுதான். ரோட்டுல நிக்கிற ஆள் கண்ணால பாத்தா, உங்கள வெளிய தள்ளுற சக்தின்னு ஒன்னு கிடையவே கிடையாது. உங்க உடம்பு நேரா போகத்தான் பாக்குது, அதுக்கு அது மட்டும்தான் தெரியும். காடி வலது பக்கம் திரும்புது, நீங்க திரும்பல, அதனால இடது பக்க கதவு உங்க கிட்ட வந்து உங்கள உள்பக்கமா தள்ளி கூட்டிட்டுப் போகுது. நமக்கு என்னமோ நம்மதான் கதவு மேல போய் சாயுற மாதிரி தோணும்.

ரப்பர் மரத்து பால் வெட்டு காலத்து வாளி ஒன்னு எங்க வீட்டுல இருக்கு, அதுல பாதி தண்ணி ஊத்தி கைய நீட்டி சுத்தி காட்டுவேன், பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும். சுத்தும்போது என் கை வாளிய எந்த பக்கம் இழுக்குது? என் பக்கம். வெளிய தள்ள அங்க யாரும் இல்ல. கைய விட்டா வாளி எங்க போகும்னு கேட்டா பாதி பேரு வெளிப்பக்கமா தெறிக்கும்னு சொல்லுவாங்க, ஆனா விட்ட நொடில அது எந்த திசைல போய்கிட்டு இருந்துச்சோ அந்த திசைலயே நேரா போகும். கோயில் வளைவுல டயர் கோடு விழுந்திருந்தா போய் பாருங்க, வளைவ விட்டு பிரிஞ்சு நேரா லோங்காங்குக்கு போயிருக்கும். அந்த காடிய யாரும் தள்ளல, திருப்பிக்கிட்டு இருந்த கை விட்டுருச்சு, அவ்ளோதான்.

டச்சுக்காரர் ஹைகன்ஸ் 1659ல வெளிப்பக்க இழுப்பத்தான் கணக்கு போட்டு பேரும் வச்சார், நியூட்டன் 1687ல எழுதின புத்தகத்துல அதையே திருப்பிப் போட்டு மையத்த நோக்கி இழுக்குற விசைன்னு பேசினார். காடிக்குள்ள உக்காந்தவங்க கணக்குல வெளிப்பக்க விசைய சேத்துக்கிட்டாலும் விடை சரியா வரும், தப்பு இல்ல. ஆனா ஓட்டுறவங்க மனசுல நியூட்டன் சொன்னது இருக்குறது நல்லது, ஏன்னா அப்பதான் திருப்புறது எது, அது எப்ப விட்டுடும்னு அடுத்த கேள்வி தானா வரும்.

அப்ப காடிய திருப்புறது எது? ஸ்டீயரிங் தானே?

ஸ்டீயரிங் முன் டயர கொஞ்சம் கோணலா வைக்குது, அதோட வேலை அங்க முடிஞ்சுது. ஒரு டன் இரும்ப பக்கவாட்டுல புடிச்சு திருப்புறது ரோடுதான், டயர் ரப்பர் வழியா.

உங்க உள்ளங்கைய விரிச்சு பாருங்க. மைவி மாதிரி ஒரு காடி ஏறக்குறைய 1000 கிலோ, ஒரு டயர் மேல 250 கிலோ, காத்து 32 பிஎஸ்ஐ அடிச்சிருந்தா ஒரு டயர் தரைய தொடுற இடம் பத்து சென்டிமீட்டருக்கு பதினொன்னு, அவ்ளோதான் வரும். ஒரு உள்ளங்கை. நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. பின்னாடி தூங்குற புள்ள, பக்கத்துல இருக்குற வீட்டம்மா, டிக்கில இருக்குற பசார் சாமான் எல்லாத்தையும் அந்த நாலு உள்ளங்கைதான் வளைவுல புடிச்சுகிட்டு போகுது. நான் ஒரு தடவ டயருக்கு முன்னாடி வெள்ளத்தாள் வச்சு, டயர்ல சாக்பீஸ் தடவி, காடிய மெதுவா ஏத்தி நிறுத்தி, ஜாக்கி போட்டு தூக்கி தாள எடுத்து காட்டினேன். இவ்ளோதானா சார்னு ஒரு பொண்ணு கேட்டா. அதுக்கப்புறம் அவ அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லி தொல்ல பண்றாளாம்.

ரப்பர் அங்க சும்மா ஒட்டிகிட்டு நிக்கல, கல்லு கல்லா இருக்குற தார் மேல அமுங்கி, பக்கவாட்டுல முறுக்கிகிட்டு இழுக்குது. டயர் எந்த பக்கம் பாக்குதோ அச்சா அந்த பக்கமே காடி போறதில்ல, ஒன்னு ரெண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும், அந்த முறுக்குல இருந்துதான் திருப்புற பலமே வருது. அந்த முறுக்குக்கு ஒரு எல்லை இருக்கு, அத தாண்டினா ரப்பர் வழுக்க ஆரம்பிச்சிடும்.

கோயில் வளைவுல எவ்ளோ வேகம் வரைக்கும் போலாம்?

இத சும்மா சொல்லக்கூடாதுன்னு நாங்க அளந்தே பாத்தோம். ஞாயித்துக்கிழம விடியற நேரம், ரோட்டுல யாரும் இல்ல, ரெண்டு பக்கமும் ஆளுக்கொருத்தர் டார்ச் லைட்டோட காவல், கோயில் திருவிழாவுக்கு தோரணம் கட்டுற நைலான் கயித்துல 20 மீட்டர் அளந்து வெட்டி, அந்த கயித்தோட ரெண்டு முனையும் ரோட்டு நடுவுல இருக்குற வெள்ளக்கோட்டு மேல வச்சு இழுத்து புடிச்சோம். கயிறு நேரா நிக்கும், கோடு வளைஞ்சு போகும், நடுவுல ரெண்டுக்கும் இடைவெளி எவ்ளோன்னு டேப் வச்சு பாத்தா 1 மீட்டர். கயித்து நீளத்த அதாலயே பெருக்கினா 400, அத இடைவெளியோட எட்டு மடங்கால வகுத்தா 50, கூட இடைவெளில பாதிய சேக்கணும், ஆக வளைவோட ஆரம் 50 மீட்டர் சொச்சம். ரோட்ட முழு வட்டமா நீட்டி வரைஞ்சா மையத்துல இருந்து 50 மீட்டர்னு அர்த்தம்.

இனி எல்ல வேகம். பிடிப்பு எண் (எடைல எத்தன பங்கு அளவுக்கு ரோடு பக்கவாட்டுல புடிக்கும்ங்கிறது), புவியீர்ப்பு 9.8, ஆரம் 50, மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். காஞ்ச தார், நல்ல டயர்னா பிடிப்பு எண் 0.7ன்னு வச்சுக்கலாம், வர்றது வினாடிக்கு 18.5 மீட்டர், அதாவது மணிக்கு 67 கிலோமீட்டர் கிட்ட. மழைல 0.4ன்னு எடுத்தா 14 மீட்டர், மணிக்கு 50. மில்லுக்கு போற லோரி கொட்டிட்டு போன செம்மண் சேறு மேல 0.25ன்னு எடுத்தா 40.

இது எல்ல வேகம், ஓட்டுற வேகம் இல்ல, தயவு செஞ்சு கவனிங்க. எல்லா டயரும் புதுசு, ரோடு சமம், பிரேக் தொடல, எதிர்ல ஆடு மாடு வரல, அப்படி இருந்தா பிடி விடுற இடம் அது. நான் அங்க வெயில்ல 40, மழைல 30.

நான் பத்து கிலோமீட்டர்தான் கூட போறேன், அதுல என்னா ஆகப்போகுது?

தம்பி, இந்த கேள்விக்காகத்தான் நான் இத எழுதவே உக்காந்தேன்.

வேகம் கூடுற அளவுக்கு மட்டும் பாரம் கூடுச்சுன்னா பரவால்ல, ஆனா அது வர்க்கத்துல கூடுது. ரெட்டிப்பு வேகம்னா நாலு மடங்கு இழுப்பு வேணும். நம்ம வளைவுல மைவி 40ல போனா ரோடு அத பக்கவாட்டுல 250 கிலோ எடை அளவுக்கு இழுத்து புடிக்கணும், பத்து கிலோ அரிசி பை இருபத்தஞ்ச நெனச்சுக்குங்க. அதே காடி 60ல போனா ஐம்பத்தாறு பை. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடிச்சு, பை ரெட்டிப்புக்கு மேல ஆயிடுச்சு, உள்ளங்கை அதே நாலுதான்.

மழைல பாருங்க, 50ல போகும்போது இருக்குற பிடி மொத்தமும் செலவு, அத நூறு வெள்ளின்னு வைங்க. 40ல போனா 64 வெள்ளி செலவு, கையில மிச்சம் இருக்கு. 60ல போனா 144 வெள்ளி வேணும். இல்லாத அந்த 44ஐ ரோடு கடன் குடுக்காது. 40க்கும் 60க்கும் நடுவுல உங்க காலுல ஒரு விரல் அளவு மிதிதான் வித்தியாசம், உங்களுக்கு ஒன்னுமே தெரியாது, நேத்தும் இப்படித்தானே போனேன்னு தோணும், நேத்து ரோடு காஞ்சிருந்துச்சு.

காடி கனமா இருந்தா நல்லா அமுக்கி புடிக்கும் தானே?

கனம் கூடினா பிடியும் கூடும், திருப்ப வேண்டிய பாரமும் அதே அளவு கூடும், ரெண்டும் அடிச்சு போயிடும். மேல போட்ட கணக்குல எடையே வரல பாத்தீங்களா, அதுதான் காரணம். சின்ன கஞ்சில் காடியும் பெரிய ஹைலக்ஸ் வண்டியும் ஒரே மாதிரி டயர்ல ஓடினா எல்ல வேகம் கிட்டத்தட்ட ஒன்னுதான். நெஜத்துல ரப்பர ரொம்ப அமுக்கினா கிலோவுக்கு இவ்ளோன்னு கிடைக்கிற பிடி கொஞ்சம் குறையும், அதனால அஞ்சு பேரு ஏறி டிக்கியும் நெறஞ்ச காடி தனியா போற காடிய விட மோசமாத்தான் திரும்பும்.

மழை ஆரம்பிச்ச உடனே தான் நெறைய பேர் சறுக்குறாங்க, பெருமழைல கூட இல்ல, ஏன்?

நாலு நாள் வெயில் அடிச்சா ரோட்டு மேல எஞ்சின் எண்ணெய், டயர் தூள், மண்ணு எல்லாம் படிஞ்சு கிடக்கும். மொதல் தூறல் அத கழுவாது, கொழைச்சு விடும். கொட்டோ கொட்டுன்னு கொட்டினதுக்கப்புறம் கழுவிட்டு போயிடும், பிடி கொஞ்சம் திரும்ப வரும். நம்ம ஊருக்கு இன்னொன்னும் இருக்கு. லோரில இருந்து விழுற செம்பனை உதிரிப் பழம். அளக்க போன அன்னிக்கு வளைவோட வெளி ஓரத்துல குனிஞ்சு பாத்தேன், ஆரஞ்சு கலர்ல நாருநாரா நசுங்கி, சுத்தி ஒரு சாண் அளவுக்கு தார் பளபளன்னு இருந்துச்சு, செருப்ப வச்சு தேச்சா வழுக்கிகிட்டு போகுது. சமையல் எண்ணெய் எடுக்குற பழம் அது, ரோட்டுல நசுங்கினா எண்ணெய்தானே வரும்.

பெருமழைல ஆபத்து வேற மாதிரி. தண்ணி தேங்கின இடத்துல வேகமா போனா டயர் தண்ணிய ஒதுக்கித் தள்ள நேரம் பத்தாம அது மேலயே ஏறி மெதக்கும். ஏரோப்ளேன் டயருக்கு கண்டுபுடிச்ச ஒரு கணக்கு இருக்கு, 32 பிஎஸ்ஐ காத்துக்கு மணிக்கு 94 கிலோமீட்டர் கிட்ட மெதக்கும்னு வரும், காத்து எறங்கி 20 ஆயிடுச்சுன்னா 75லயே மெதக்கும். பூ (டயர் மேல இருக்குற பள்ளம் மேடு) தேஞ்ச டயர்னா இன்னும் சீக்கிரம். டயர் பள்ளத்துக்குள்ள குட்டி குட்டி மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர் உயரம், பூ தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துடுச்சுன்னா சட்டப்படியே டயர் மாத்தணும். ஒரு பட்டறைல என் காடிக்கு முன்னாடி ரெண்டு புதுசு போட்டுட்டு பின்னாடி தேஞ்ச ரெண்டையும் அப்படியே விட்டுட்டாங்க, கேட்டா முன் சக்கரம் தான இழுக்குதுன்னு பதில் வந்துச்சு. அடுத்த மழைல பின்பக்கம் வால் ஆட்டிச்சு. ரெண்டு டயர்தான் வாங்க காசு இருக்குன்னா நல்லத பின்னாடி போடுங்க, முன்பக்கம் வழுக்கினா வேகத்த கொறைச்சு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினா காடி சுத்திரும், அத சமாளிக்க சாதாரண ஆளால முடியாது.

செம்பனை லோரி சறுக்காம ஏன் கவுருது?

உயரம். குலை நெறைய அடுக்கின லோரிக்கு பாரத்தோட மையம் தரைல இருந்து ரெண்டு மீட்டர்னு வைங்க, சக்கரத்துக்கு சக்கரம் அகலமும் ரெண்டு மீட்டர், பாதி ஒன்னு. ஒன்ன ரெண்டால வகுத்தா 0.5. எடைல பாதி அளவுக்கு பக்கவாட்டு இழுப்பு வந்தாலே உள்பக்க சக்கரம் தரைய விட்டு தூக்கிரும். காஞ்ச ரோட்டு பிடிப்பு 0.7, அதாவது டயர் இன்னும் நல்லா புடிச்சுகிட்டு இருக்கும்போதே லோரி சாய ஆரம்பிக்குது. நம்ம வளைவுல கணக்குப்படி அது 56 கிலோமீட்டர் வேகத்துல. ஸ்ப்ரிங் சாயும், குலை ஒரு பக்கமா நகரும், அதையும் சேத்தா இன்னும் கம்மி. மைவி அகலத்துக்கு தாழ்வா இருக்குறதால அது கவுறாது, சறுக்கும்.

லோரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் காலியா வரும்போது இதே வளைவுல ஒன்னும் ஆகலியேன்னு கேட்டார். காலி லோரில பாரத்தோட மையம் கீழ இருக்கு அண்ணே, அது வேற வண்டி மாதிரிதான். தைப்பூசத்துல ரதம் திரும்பும்போது எத்தன பேரு சுத்தி நின்னு புடிச்சு, அடி அடியா நகத்துறாங்கன்னு பாத்திருப்பீங்க, ரதத்த திருப்புறவங்களுக்கு இந்த கணக்கு கையிலயே இருக்கு. தண்ணி லோரி, டீசல் லோரில தொட்டி பாதி நெறஞ்சிருந்தா முழுசா நெறஞ்சத விட மோசம், உள்ள இருக்குறது வெளிப்பக்கமா ஏறிக்கும்.

வளைவுக்குள்ள போயிட்டேன், வேகம் ஜாஸ்தின்னு தெரியுது, பிரேக் அமுக்கலாமா?

பிடிங்கிறது ஒரே சம்பளம், திரும்புறதுக்கும் அதுலதான், நிறுத்துறதுக்கும் அதுலதான். ஆனா கழித்தல் கணக்கு இல்ல, செங்கோண முக்கோணம் மாதிரி. நூறுல திரும்ப 60 செலவு பண்ணினா பிரேக்குக்கு 80 இருக்கு. திரும்ப 80 போச்சுன்னா பிரேக்குக்கு 60. திரும்பவே நூறும் போயிடுச்சுன்னா பிரேக்குக்கு பூஜ்யம், அந்த நேரத்துல சட்டுன்னு மிதிச்சா திரும்புற பிடில இருந்து புடுங்கித்தான் குடுக்கணும், காடி நேரா ஓடிரும்.

அதனால பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடி, ரோடு இன்னும் நேரா இருக்கும்போதே முடிச்சிடணும். கோயில் வளைவுக்கு டவுன் பக்கம் இருந்து வந்தா அந்த பழைய பஸ் நிக்கிற கொட்டாய் தாண்டுறதுக்குள்ள. உள்ள போயிட்டு மாட்டிகிட்டீங்கன்னா எண்ணெய் பெடல்ல இருந்து கால மெதுவா எடுங்க, ஸ்டீயரிங்க அப்படியே புடிங்க, பிரேக்க தொட்டா மெல்ல மெல்ல. எதிர்ல ஏதாவது வந்து இடிச்சிடும்ங்கிற நெலமைன்னா ஏபிஎஸ் இருக்குற காடில நல்லா மிதிங்க, அது டயர் பூட்டாம பாத்துக்கும், கொஞ்சமாவது திரும்ப விடும்.

ஸ்டீயரிங்க திருப்ப திருப்ப காடி நேரா போகுது, ஏன்?

முன் டயர் பிடி விட்டுருச்சு. சாகா, கஞ்சில், மைவி எல்லாம் முன் சக்கரம் இழுக்குற காடி, எஞ்சினும் முன்னாடி, அதனால இது மாதிரிதான் மொதல்ல நடக்கும். பயத்துல இன்னும் திருப்புவோம், அது இன்னும் வழுக்கும், ஏன்னா முறுக்குக்கு எல்லை இருக்குன்னு சொன்னேனே, அத தாண்டிட்டோம். வேகம் கொறைஞ்சா பிடி தானா திரும்பும், அப்ப சக்கரம் ரொம்ப திரும்பி நின்னா காடி திடீர்னு உள்ள பாயும். ஹைலக்ஸ் மாதிரி பின் சக்கரம் தள்ளுற வண்டி, பின்னாடி காலியா இருந்தா, மழைல எண்ணெய் பெடல அமுக்கினா பின்பக்கம் வெளிய வரும், அதுக்கு வால் போற பக்கமே ஸ்டீயரிங்க திருப்பணும், கண்ணு நீங்க போக வேண்டிய ரோட்டுல இருக்கணும்.

இப்ப வர்ற காடில இருக்குற ஈஎஸ்சி இதத்தான் செய்யுது, நீங்க கேட்ட பக்கம் காடி போகலன்னு தெரிஞ்சா ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மூக்க திருப்பும். மெர்சிடிஸ் 1995ல பெரிய காடில மொதல்ல வச்சாங்க, 1997ல அவங்க சின்ன காடி ஒன்னு சுவீடன்ல சோதனைல சட்டுன்னு ஒதுங்கும்போது கவுந்துருச்சு, அதுக்கப்புறம் சின்ன காடிக்கும் கட்டாயமா போட்டாங்க. நல்ல சாமான், காடி வாங்கும்போது கேட்டு வாங்குங்க. ஆனா அதுவும் அந்த நாலு உள்ளங்கைய வச்சுதான் வேலை செய்யணும்.

இடது வளைவு ஆபத்தா, வலது வளைவு ஆபத்தா?

நம்ம ஊருல இடது பக்கம் ஓட்டுறோம். இடது வளைவுல நம்ம பாதை உள்பக்கம், ஆரம் சின்னது, மரமும் புல்லும் மறைச்சு தூரம் தெரியாது, பிடி விட்டா எதிர்ல வர்றவங்க பாதைக்கே போயிடுவோம். வலது வளைவுல நம்ம பாதை வெளிப்பக்கம், ஆரம் கொஞ்சம் பெருசு, பார்வையும் நல்லா தெரியும், பிடி விட்டா லோங்காங், இல்ல செம்பனை மரம்.

வலது வளைவுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. நல்ல ஹைவேல வளைவோட வெளி ஓரத்த தூக்கி கட்டுவாங்க, ரோடே உள்பக்கமா சாஞ்சு நம்மள தாங்கும். 100 மீட்டருக்கு 6 மீட்டர் சாய்வு குடுத்தா மழைல நம்ம வளைவோட எல்ல 50ல இருந்து 55 ஆகும். ஆனா தோட்டத்து ரோடு தண்ணி வடியணும்னு நடு மேடா, ரெண்டு பக்கமும் சரிவா போட்டது. அதனால வெளிப்பாதைல போறவங்களுக்கு சாய்வு தப்பு பக்கம், லோங்காங் பக்கம். அதே 6 மீட்டர் தப்பு பக்கம் சாஞ்சா எல்ல 46க்கு எறங்கிடும். ஒரே வளைவு, ஒரே மழை, ரோடு எப்படி சாஞ்சிருக்குங்கிறதுக்காகவே 9 கிலோமீட்டர் வித்தியாசம். லோங்காங்ல இறங்குற காடி எல்லாம் தோட்டத்துக்குள்ள இருந்து டவுனுக்கு போற காடியா இருக்குறது ஏன்னு அளந்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது, அந்த பக்கம் போறவங்களுக்குத்தான் அது வலது வளைவு.

ரேஸ்ல மாதிரி வெளி, உள்ள, வெளின்னு கோடு புடிச்சு போனா வேகமா போலாம்ல?

போலாம், வளைவ விரிச்சு ஆரத்த பெருசாக்குறாங்க, அதுதான் சூட்சுமம். ஆனா செப்பாங் ரேஸ் மைதானத்துல எதிர்ல யாரும் வர மாட்டாங்க. எஃப்1 காடி அங்க 1999ல இருந்து 2017 வரைக்கும் ஓடுச்சு, அந்த காடிக்கு காத்தே இறக்கைல அமுக்கி பாரம் குடுக்கும், எடை கூடாம பிடி மட்டும் கூடும், வேகமா போனா இன்னும் நல்லா புடிக்கும். நம்ம மைவில பின்னாடி ஒட்டுற ஸ்பாய்லர் 60ல அந்த வேலைய செய்யாது. பாதை மாறி அடுத்தவங்க பக்கம் வெட்டிகிட்டு போறது எந்த வளைவுலயும் வேணாம்.

மோட்டார் மட்டும் ஏன் உள்பக்கமா சாயுது?

சாயலன்னா வெளிப்பக்கம் விழுந்துடும். டயர் கீழ உள்பக்கமா இழுக்கப்படுது, மேல இருக்குற உடம்பு நேரா போகப் பாக்குது, அந்த கவுக்குற வேலைய உங்க எடை உள்பக்கமா சாஞ்சு சமன் பண்ணுது. நம்ம வளைவுல 50ல போனா ஏறக்குறைய 22 டிகிரி சாயணும். காடிக்கு நாலு உள்ளங்கைன்னா மோட்டாருக்கு ரெண்டு, அதுவும் ரெண்டு விரல் சேத்த அளவுதான். காடில முன் டயர் வழுக்கினா பயம்தான் வரும், மோட்டார்ல முன் டயர் வழுக்கினா அடுத்த நொடி தரைல இருப்பீங்க. நம்ம நாட்டுல ரோட்டுல சாகுறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்கதான். பசங்களா, அந்த பழ எண்ணெயும் மண்ணும் வெளி ஓரத்துல கிடக்கும், பாதையோட நடுவுல வாங்க, சாஞ்சிருக்கும்போது முன் பிரேக்க தொடாதீங்க, வெள்ளக்கோடு ஈரமா இருந்தா அது மேல சாயாதீங்க.

திரும்பும்போது ரெண்டு பக்க சக்கரமும் ஒரே வேகமா சுத்துது?

இல்ல. மைவி இடது பக்கம் 90 டிகிரி திரும்பினா வெளிச்சக்கரம் உள்சக்கரத்த விட 2.3 மீட்டர் கூட ஓடணும், வளைவோட ஆரம் சின்னதோ பெருசோ அதே 2.3தான், சக்கர இடைவெளிய பொறுத்தது. அத சமாளிக்கத்தான் டிஃபரென்ஷியல், ரெண்டு பக்க சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கர அமைப்பு.

கேமரன் மலை ரோட்டுல ஏறும்போது புள்ளைங்க வாந்தி எடுக்குது, இறங்கும்போது பிரேக் நாத்தம் வருது, ரெண்டுக்கும் என்னா செய்றது?

வாந்தி, காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு இடம் வலம்னு ஆட்டத்த சொல்லுது, கண்ணு போன்ல நின்னுகிட்டு ஒன்னும் ஆடலன்னு சொல்லுது, மூளை குழம்புது. போன வாங்கி வச்சுட்டு தூரத்து ரோட்ட பாக்கச் சொல்லுங்க. ஓட்டுறவங்களும் ஒவ்வொரு வளைவுலயும் வெட்டி வெட்டி திருப்பாம ஒரே சீரா திருப்பினா பாதி வாந்தி நிக்கும். அசாம் போய் (உப்பும் புளிப்புமா இருக்குற காஞ்ச பழம்) வாய்ல போட்டுகிட்டா சில புள்ளைங்களுக்கு உதவுதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க, நானும் குடுப்பேன்.

பிரேக் நாத்தம் சும்மா விடுற விஷயம் இல்ல. கேமரன் மலை மேல இருக்குற தானா ராத்தா ஊரு 1400 மீட்டருக்கு மேல, தாப்பா கிட்டத்தட்ட சமதரை. ஒரு டன் காடி அவ்ளோ உயரம் எறங்கும்போது விடுற சக்தி மொத்தமும் பிரேக்ல சூடா போனா, 45 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கலாம். நாலு சக்கரத்து பிரேக்கும் அந்த சூட்ட தாங்கணும். சூடு ஏறினா பேடு புடிக்காது, பெடல் கீழ போகும், அப்ப முன்னாடி 15 மீட்டர் ஆரத்துல ஒரு கொண்டை ஊசி வளைவு இருந்தா, மழைல அதோட எல்ல 28 கிலோமீட்டர்தான். ஏறும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க, எஞ்சின் புடிச்சுக்கும், ஆட்டோ காடிலயும் எல், 2ன்னு இருக்குறது அதுக்குத்தான். 2013 ஆகஸ்ட் 21ல கெந்திங் மலைல இருந்து இறங்கின பஸ் பள்ளத்துல விழுந்து 37 பேரு போயிட்டாங்க. அந்த சாயங்காலம் எங்க கோயில்ல விளக்கு வச்சோம், யாரும் தெரிஞ்சவங்க இல்ல, இருந்தாலும் வச்சோம். பஸ்ல ஏறினா பெல்ட் இருந்தா போடுங்க.

எங்க பாட்டி பால் மரம் வெட்டினவங்க. அந்த பாலுதான் டயரா?

ஆமா கண்ணு. 1877ல கோல கங்சார்ல நட்ட ரப்பர் மரத்துல ஒன்னு இன்னமும் நிக்குது, நம்ம பேராக் மாநிலத்துலயே. பச்சப் பால் ரப்பர் வெயில்ல இளகும், குளிர்ல விறைக்கும், கந்தகம் சேத்து சூடாக்கினா அது மாறும்னு 1839ல குட்இயர் கண்டுபுடிச்சார், காத்தடைச்ச டயர் 1888ல டன்லப் செஞ்சது. இப்ப காடி டயர் தரைய தொடுற பகுதில பெரும்பாலும் பெட்ரோல்ல இருந்து செய்ற ரப்பர், ஈரத்துல அது நல்லா புடிக்கும். லோரி டயர்லதான் மரத்து ரப்பர் அதிகம், பாரத்துல அவ்ளோ சீக்கிரம் சூடாகாது. பாட்டிகிட்ட சொல்லு, கோயில் வளைவுல குலை லோரி திரும்பும்போது அத புடிச்சு நிக்கிறது அவங்க வெட்டின மாதிரி பாலுதான்.

அந்த வளைவ சரி பண்ண யார்கிட்டயும் சொல்லலையா?

ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு, ஓட்டுறவங்க மெதுவா போகணும்னு பதில் வந்துச்சு. மூணாவது மனுவ இப்ப பசங்களே எழுதினாங்க. ஆரம் 50 மீட்டர், வெளிப்பாதை லோங்காங் பக்கம் சரிவு, மழைல எல்ல 46ன்னு கணக்கோட போட்டு, கயித்த புடிச்சு நிக்கிற படத்தையும் ஒட்டி, நாலே விஷயம் கேட்டிருக்கோம்: வெளி ஓரத்த ஏத்திக் கட்டி தார் போடணும், அம்புக்குறி பலகை வேணும், உள்பக்கம் புல்லு வெட்டணும், லோரிக்கு வலை மூடணும். வலை மட்டும் தோட்டத்து ஆபீஸ்ல ஒத்துகிட்டாங்க, போன வாரத்துல இருந்து ரெண்டு லோரி வலையோட போகுது. மத்த மூணுக்கும் பதில் வந்ததும் இங்கயே எழுதுறேன். கயிறு கோயில் ஸ்டோர்லதான் இருக்கு, உங்க பக்கத்து வளைவ அளக்கணும்னா வந்து எடுத்துக்கலாம், காவலுக்கு ரெண்டு பேர கூட்டிட்டு வாங்க.